உயுனியில் மூன்று நாட்கள்

பொலிவியாவின் தென்மேற்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் உயுனி உப்புவெளியில் தொடங்கிய எங்கள் மூன்று நாள் சுற்றுலாவில், ஓட்டுநரே வழிகாட்டியாகவும் சமையல்காரராகவும் இருந்தார். ஒரு ஜீப்பில் பயணிகள் ஆறு பேர். கால் நீட்ட இடமில்லை.

முதல் நாள், துருப்பிடித்த நீராவி எஞ்சின்கள் நிற்கும் ரயில் கல்லறையை விரைவாகப் பார்த்துவிட்டு உப்புவெளிக்குள் நுழைந்தோம். மழைக்காலத்தில் மெல்லிய நீர்ப்படலம் தேங்கி வானத்தைப் பிரதிபலிக்கும் அந்தத் தரை, நாங்கள் சென்ற ஜூலை மாதத்தில் வறண்டு, அறுகோணக் கட்டங்களாக வெடித்திருந்தது. புகைப்படங்களில் கண்ட கண்ணாடியை எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சற்று ஏமாற்றம்தான். எனக்கோ அந்தக் கட்டங்களே அதிகம் பிடித்திருந்தன. நடுவே எழும் இன்காவாசிக் குன்றில், ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சிய கள்ளிகள் நிற்கின்றன.

இரண்டாம் நாள், 4,200 மீட்டருக்கும் மேலே உள்ள கொலராடா ஏரியை அடைந்தபோது எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. கோக்கா இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே, பாசிகளால் செந்நிறமான அந்த நீரில் பூநாரைகள் இரை தேடுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு விடுதியில் மூன்று கம்பளிகள் போர்த்தியும் குளிர் விடவில்லை.

மறுநாள் விடியுமுன், கந்தக நாற்றத்துடன் சேறு கொதிக்கும் சோல் தே மன்யானாவைக் கண்டு, போல்கெஸ் வெந்நீர்க் குளத்தில் இறங்கினோம். பிறகு லிக்கன்காபூர் எரிமலையடியில் சிலர் சிலி எல்லையைக் கடந்துவிட, மற்றவர்கள் உயுனிக்குத் திரும்பினோம்.