இம்மிச்சில் படங்களை ஏற்றும் முன் தேதியைச் சரிசெய்யுங்கள்

சொந்த சர்வரில் படத்தொகுப்பை வைத்துக்கொள்ள இலவச மென்பொருள்கள் பல உண்டு. கடைசியில் பெரும்பாலும் இம்மிச்சா, போட்டோபிரிசமா என்றுதான் வந்து நிற்கும். ஏற்கெனவே ஃபோல்டர்களில் அடுக்கிவைத்த படங்களைத் தேடிப் பார்க்க மட்டும் என்றால் போட்டோபிரிசமே போதும். வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வேண்டும், ஃபோனில் எடுத்த படம் தானாக ஏற வேண்டும் என்றால் இம்மிச்தான் சரி. இரண்டுமே திறமூலம். இனி இம்மிச் பற்றி மட்டும்.

நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தேதிதான் சிக்கல். கேமரா படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் உள்ள 'எடுத்த நேரம்' பார்த்துத்தான் இம்மிச் படங்களை வரிசைப்படுத்துகிறது; அது இல்லாவிட்டால் கோப்பின் தேதியை எடுத்துக்கொள்ளும். வாட்ஸப்பில் வந்த படங்களில் எக்ஸிஃப் இருக்காது. அவற்றைக் கோப்பின் பழைய தேதியைக் காக்காமல் ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தால், பத்து வருடப் படங்களும் நகலெடுத்த நாளிலேயே குவிந்து கிடக்கும்.

நல்லவேளையாக, தேதி கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. 'ஐஎம்ஜி-20190412-டபிள்யூஏ0087' என்றால் 2019 ஏப்ரல் 12. எக்ஸிஃப் தகவலைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற கருவி இந்தப் பெயரைப் படித்துத் தேதியை எழுதிவிடும். ஆனால் பெயரை முழுதாகக் கொடுக்காதீர்கள். கடைசியில் உள்ள வரிசை எண்ணை மணி, நிமிடம் என்று எடுத்துக்கொள்ளப் பார்க்கும். முதல் எட்டு இலக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, நேரத்தைப் பகல் 12:00 என்று நீங்களே சேருங்கள். நள்ளிரவு வேண்டாம், நேர மண்டலம் கொஞ்சம் பிசகினாலும் படம் முந்தைய நாளுக்குப் போய்விடும். எக்ஸிஃப்டூல் திருத்தும் ஒவ்வொரு கோப்புக்கும் பழைய நகல் ஒன்றைப் பக்கத்திலேயே வைக்கும் என்பதால் அதற்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பின்விளைவு உண்டு. ஒரே படம் மறுபடி வருகிறதா என்பதை இம்மிச் கோப்பின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. எக்ஸிஃபைத் திருத்தினால் செக்சம் மாறிவிடும். அதே படம் ஃபோனிலும் இருந்து, ஃபோன் செயலியும் அதை ஏற்றினால் இரண்டு பிரதிகள் வரும். அதனால் செயலியின் பேக்கப்பில் வாட்ஸப் ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்காமல் விடுங்கள். தப்பி வந்தவற்றை, பார்வைக்கு ஒத்த படங்களைக் காட்டும் நகல் கண்டறியும் பக்கத்தில் பார்த்து நீக்கலாம்.

கூகுளில் உள்ள படங்களை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டிலிருந்து வருபவர்கள் ஜிப்பை விரித்து அப்படியே ஏற்ற வேண்டாம். கூகுளில் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய விவரம் எல்லாம் தனி ஜேசான் கோப்புகளில் கிடக்கும். இம்மிச்-கோ என்ற கருவி ஜிப்பிலிருந்தே அவற்றைப் படித்துப் படத்தோடு சேர்த்து ஏற்றும்.

நிறுவல் டாக்கர் கம்போஸ் வழியாக; மென்பொருளின் பகுதிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி அது. சர்வர், மெஷின் லேர்னிங், ரெடிஸ் வகைத் தற்காலிக நினைவகம், போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் என நான்கு கன்டெய்னர்கள் ஓடும். ரேம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி. படங்கள் பெரிய ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். போஸ்ட்கிரஸ் தரவு மட்டும் அதே கணினியின் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். நெட்வொர்க் ஷேரில் வைத்தால் தரவுத்தளம் கெட்டுப்போகலாம். சிறுபடங்களுக்கும் மாற்றப்பட்ட வீடியோக்களுக்கும் மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம் கூடுதல் இடம் ஒதுக்குங்கள். முதல் ஏற்றத்துக்கு முன்பே, கோப்புகளின் ஃபோல்டரையும் பெயரையும் முடிவு செய்யும் ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்டை இயக்கி வருடம், மாதம் என்று அமைத்துவிடுங்கள். இல்லையேல் டிஸ்கில் கோப்புகள் புரியாத எழுத்துக்கோவைப் பெயர்களில் கிடக்கும். நாளை வேறு மென்பொருளுக்கு மாறும்போது அது பெரும் தலைவலி.

ஒரு நாள் கணினியை மீண்டும் தொடங்கியபின் சர்வர் எழாமல், 'டாட்-இம்மிச்' கோப்பைப் படிக்க முடியவில்லை என்று லாகில் வந்தால் பதற வேண்டாம். ஒவ்வொரு ஃபோல்டரிலும் இம்மிச் வைக்கும் அடையாளக் கோப்பு அது. பெரும்பாலும் வெளி டிஸ்க் மவுன்ட் ஆகும் (கணினியோடு இணைந்து திறக்கும்) முன்பே டாக்கர் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். அந்தக் கோப்பைக் கையால் உருவாக்கிச் சமாளிக்காதீர்கள். அப்படிச் செய்தால் புதுப் படங்கள் காலி ஃபோல்டரில் சேரத் தொடங்கும். டிஸ்கை மவுன்ட் செய்து கன்டெய்னர்களை மீண்டும் தொடங்கினால் போதும்.

தமிழில் தட்டித் தேட வேண்டுமா? தட்டும் சொல்லைப் படங்களோடு பொருத்திப் பார்க்கும் கிளிப் மாடல்களில் இயல்பாக வருவது ஆங்கிலத்துக்கானது. அமைப்புகளில் என்எல்எல்பி-கிளிப் வகை மாடலின் பெயரைக் கொடுத்தால் 'மழையில் நனையும் நாய்' என்று தேடலாம். மாடலை மாற்றியதும் ஸ்மார்ட் தேடல் வேலையை எல்லாப் படங்களுக்கும் மறுபடி ஓட்ட வேண்டும். பழைய கணினியில் அது இரவு முழுக்க ஓடக்கூடும். முகங்களைப் பொறுத்தவரை, ஒருவர் குறைந்தது மூன்று படங்களில் வந்தால்தான் அவர் பெயர் வைக்கும் பட்டியலில் தெரிவார். இந்த எண்ணிக்கையையும் மாற்றலாம்.

வெளியிலிருந்து பார்க்க, இம்மிச் இயங்கும் போர்ட் 2283-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்ட் விபிஎன் போதும். இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் வழியாகத்தான் என்றால், அதன் பதிவேற்ற வரம்பு இயல்பாக 1 எம்பி. உயர்த்தாவிட்டால் படங்கள் 413 பிழையோடு நின்றுவிடும்.

பேக்கப்புக்கு வருவோம். இம்மிச் தினமும் இரவு 2 மணிக்குத் தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்து, கடைசி 14 நகல்களை வைத்திருக்கும். அதில் ஒரு படம்கூட இருக்காது, அதுவும் படங்கள் இருக்கும் அதே டிஸ்கில்தான் சேரும். எனவே இன்னொரு டிஸ்குக்கு முதலில் தரவுத்தள நகலையும், பிறகு மூலப் படங்களையும் எடுங்கள். வரிசை மாறினால், தரவுத்தளத்தில் பதிவாகியும் கோப்பு இல்லாத படங்கள் வந்துவிடும். சிறுபடங்களை விட்டுவிடலாம், அவற்றை இம்மிச்சே மறுபடி உருவாக்கும்.