உள்ளடக்கிய கல்விப் பயிற்சி: ஒரு கணக்கு டீச்சரின் அனுபவம்

நான் கணக்கு டீச்சர். சிறப்புக் கல்வி படித்தவள் இல்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களும் எல்லாரோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க, வகுப்பாசிரியர்களைத் தயார் செய்யும் பணியிடைப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். அதே மாதிரிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு உள்ளே என்ன இருக்குமோ என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் பகுதி முழுக்க வரலாறும் சட்டமும். 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, சாதாரணப் பள்ளிகளே எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது, 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அதில் கல்விக்கான 24-ஆவது பிரிவு என்று போனது. அந்தப் பிரிவை மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அரசின் கடமை என்பதோடு, மாற்றுத்திறனாளிகளையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

அடுத்து வந்த குறைபாடு வகைகள் பகுதிதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒவ்வொரு வகைக்கும் விளக்கம், காரணம், அறிகுறி என்று ஸ்லைடு மேல் ஸ்லைடு. ஆட்டிசத்தின் அறிகுறிகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தவருக்கும், நாளைக் காலை பின்னப் பாடத்தை எப்படி எடுப்பது என்பது தெரியாமல்தான் இருக்கும். வலிப்பு வந்தால் செய்யவேண்டியது மட்டும் உடனே குறித்துக்கொண்ட விஷயம்: அழுத்திப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். சுவரைத் தடவித் தடவி நடந்து முடித்த பலருக்கு முகமே மாறிவிட்டது, "பாவம், எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ" என்றார்கள். அந்தப் பகுதியின் பயிற்றுநரே பார்வையற்ற ஆசிரியர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்பத்தான் கண்ணைக் கட்டின ஒருத்தரோட திண்டாட்டத்தைத்தான் மேடம் நீங்க பார்த்தீங்க. நான் அப்படி நடக்கிறதில்லையே." பரிதாபத்தோடு வகுப்புக்குப் போகிற ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் கடினமான கணக்கைக் கேட்கவே மாட்டார். என்னைக் கேட்டால் கண் கட்டும் பயிற்சியையே எடுத்துவிடலாம்.

அவர் கொடுத்த வீட்டுவேலைதான் எனக்குப் பயிற்சியின் உண்மையான தொடக்கம். நம்முடைய ஒரு பாடவேளையைக் குரல் மட்டும் பதிவு செய்துகொண்டு வந்து கேட்க வேண்டும். எல்லார் பதிவிலும் ஒரே கதை. "இதோ இந்தக் கோணம், இதுவும் அதுவும் சமம், அப்ப இங்க எவ்வளவு வரும்?" ஒலியை நிறுத்திவிட்டு, "எந்தக் கோணம்? எது எதுக்குச் சமம்?" என்று அவர் கேட்டார். கையால் காட்டுவதை வாயாலும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம். "ஏபிசி கோணமும் ஏசிபி கோணமும் சமம்" என்று சொல்லப் பழகியபோது, பலகையை எட்டிப் பார்க்க முடியாத கடைசி பெஞ்சுக்காரர்களும் பாடத்தோடு வர ஆரம்பித்தார்கள்.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளைப் பற்றிய பகுதியிலும் பயன்பட்டது நம் பழக்கத்தைத் தொட்ட பகுதிதான். செவித்துணைக் கருவி டீச்சர் குரலோடு ஃபேன் சத்தத்தையும் நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. தூரம் இருமடங்கானால் குரல் சுமார் 6 டெசிபெல் குறைகிறது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று விட்டுவிடவும் முடியாது. கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் "பாடு" என்றும் "மாடு" என்றும் சொல்லிப் பாருங்கள், உதட்டில் இரண்டும் ஒன்றுதான். அதனால் பலகையில் எழுதும்போது பேசுவதை நிறுத்தினேன். எழுதி முடித்துத் திரும்பி, முகம் காட்டிப் பேசுகிறேன். ஒரு மாணவர் பதில் சொன்னால் யார் சொன்னார் என்பதைச் சொல்லிவிட்டு, பதிலை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். சைகை மொழியில் படிக்கும் பிள்ளைக்கு இது போதாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதைப் பயிற்சியில் ஒரே வரியில் தாண்டிப்போனார்கள்.

செய்முறைப் பகுதியில் தொட்டுணரும் படம் தயாரித்தோம். தையல்காரர்கள் துணியில் அடையாளம் வைக்கும் பல்சக்கரம் இருக்கிறதே, அதுதான் கருவி. கெட்டித் தாளை ரப்பர் விரிப்பின் மேல் வைத்துக் கோட்டின் மேல் உருட்டினால், மறுபக்கத்தில் புள்ளிபுள்ளியாகக் கோடு எழும்பும். மறுபக்கத்தில் எழும்புவதால் படம் இடவலம் மாறிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இடதுபக்கம் செங்கோணம் வேண்டுமென்றால் வலதுபக்கம் வரைந்து உருட்ட வேண்டும். பாடப்புத்தகப் படத்தை அப்படியே நகலெடுக்கவும் கூடாது. விரல் ஒரு நேரத்தில் சிறிய இடத்தைத்தான் படிக்கும். நிழல், அலங்காரக் கோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தாளுக்கு ஒரு படம் என்று வைத்தால்தான் புரிகிறது. பிரெய்லில் எண்களை மட்டுமாவது படிக்கக் கற்றுக்கொண்டேன். 3, 4, 5, 6 புள்ளிகள் சேர்ந்த எண் குறி முதலில் வரும், பிறகு ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளே எண்களாகிவிடும். கண்ணால் படிக்க அதிக நாள் பிடிக்காது.

மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஒரே ஒரு ஒப்படைப்புக்கு: நாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் பாடம் ஒன்றைத் திருத்தி எழுதி, நம் வகுப்பிலேயே நடத்திக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய காஸ்ட் என்ற கல்வி அமைப்பு உருவாக்கிய யூ.டி.எல். முறைதான், அதாவது எல்லாப் பிள்ளைகளையும் மனதில் வைத்துப் பாடத்தை வடிவமைக்கும் முறைதான், இதற்கு அடிப்படை. பிள்ளைகளைப் பாடத்தில் ஈடுபட வைக்கவும், பாடத்தைக் கொண்டுசேர்க்கவும், கற்றதை அவர்கள் வெளிக்காட்டவும் ஆரம்பத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வழி வைக்கச் சொல்கிறது. நான் எடுத்துக்கொண்டது முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற பாடம். வழக்கமாகப் பலகையில் இணைகோடு வரைந்து நிறுவுவேன். இந்த முறை எல்லாருக்கும் காகித முக்கோணம். மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தால் கீழ்விளிம்பு நேர்கோடாகும். அளவுகோலை வைத்துத் தடவிப் பார்த்தாலே தெரியும். இணைகோடு அதற்குப் பிறகுதான்.

திட்டத்தை முதலில் பார்த்த சிறப்பாசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தப் பாடத்துல பிள்ளைக்கு எது தெரிஞ்சே ஆகணும், டீச்சர்?" கூடுதல் 180 என்பதும் அதைப் பயன்படுத்தத் தெரிவதும் என்றேன். "அப்ப முக்கோணத்தை அழகா வரையறதுக்கு ஏன் மதிப்பெண்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதே இலக்கை வேறு வழியில் அடைவது ஒன்று, இலக்கையே மாற்றிவைப்பது இன்னொன்று. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ள மாணவருக்குக் கேள்வியை வாசித்துக் காட்டுவது முதல் வகை. அறிவுசார் குறைபாடு உள்ள சிலருக்கு இரண்டாவது தேவைப்படும், அதை அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் பெற்றோரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். குழுவில் பாதிப்பேர் இரண்டையும் "பாடத்தைக் குறைக்கிறது" என்ற ஒரே பெயரில்தான் பேசினார்கள், அதில் வந்த சண்டைதான் பயிற்சியிலேயே சுவாரசியமான பகுதி.

கணக்குக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தேர்வில் கேள்வியை வாசிப்பவர் "எக்ஸ் கூட்டல் 3 பை 2" என்று படித்தால் 2-ஆல் வகுபடுவது 3 மட்டுமா, எக்ஸும் சேர்த்தா? இரண்டுக்கும் விடை வேறு. "தொகுதி எக்ஸ் கூட்டல் 3, பகுதி 2" என்று படிக்க வாசிப்பவரையும் கேட்டுப் பழக மாணவரையும் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். மாணவர் சொல்லும் விடையை எழுதுபவர் கணக்கே தெரியாதவராக இருந்தால் கூடுதல் நேரம் கொடுத்தும் பயனில்லை.

குறை என்று சொன்னால் பெரிய குறை நேரம்தான். ஒரு பாடத்தைத் திருத்தி எழுத எனக்குப் பல மாலைகள் போயின. சிறப்பாசிரியரோடு உட்கார்ந்து திட்டமிட அட்டவணையில் ஒரு பீரியடும் ஒதுக்கவில்லை, மதிய இடைவேளையில்தான் பேசினோம். திட்டமிடல் இல்லையென்றால் அவர் வகுப்புக்குள் வந்தாலும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும் உதவியாளராகத்தான் ஆகிவிடுகிறார். "நாப்பது பேரை விட்டுட்டு ஒருத்தனைப் பார்க்கவா?" என்று கேட்கும் சக ஆசிரியர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களிடம் நேரம் இல்லை. பயிற்சிக்குப் போகும் முன்பே தலைமையாசிரியரிடம் வாரம் ஒரு பொதுப் பீரியட் கேட்டு வாங்கிவிடுங்கள். சான்றிதழ் வந்தபிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

மதிப்பீட்டாளர் வந்து பார்த்த நாளில் பாடம் நன்றாகவே போனது. கிழித்த மூலைகளில் சில காணாமல் போனதைத் தவிர. இப்போது நான் திணறுவது வரைபடத்தாள் பாடத்தில். துளைப்பலகையில் குச்சி நட்டு ரப்பர் பேண்டை இழுத்தால் நேர்கோடு சரியாக வருகிறது, வளைகோடான பரவளையம் வரவில்லை. மெழுகு பூசிய நூலை ஒட்டிப் பார்க்கச் சொன்னார் சிறப்பாசிரியர். வேறு ஏதாவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த பருவத்துக்குள் எனக்கு வேண்டும்.