மனசுல ஒண்ணு நெனச்சுக்கங்க

“நானாத்தானே எடுத்தேன் தம்பி?”

“நீங்கதாம்மா வெட்டினீங்க.”

நடந்தது இவ்வளவுதான். ரிசப்ஷன்களில் டேபிள் டேபிளாகப் போய்ச் சீட்டு வித்தை காட்டுகிற யாருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. ஒரு மாலைக்குள் பல தடவை வரும். பதிலும் நாக்கு நுனியிலேயே இருக்கும். அதைச் சொல்லிவிட்டு, சிரித்து, சீட்டை அடுக்கிக்கொண்டு அடுத்த டேபிளுக்கு நகர வேண்டியதுதான். அன்றும் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது கேள்வி கேட்ட அந்த அம்மா பக்கத்தில் இருந்த தங்கையிடம் திரும்பி, “பாத்தியாடி, கருப்பு வந்துருச்சு. வேணாம்னு சொல்லிடலாம்” என்றார். தங்கையும் சரி என்று தலையாட்டினார்.

எதை வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்களிடம் பத்து நிமிடம் வித்தை காட்ட வந்தவன் கேட்கிற கேள்வி இல்லை அது. வரனாக இருக்கலாம், வீடு வாங்குவதாக இருக்கலாம், ஆபரேஷனாக இருக்கலாம். பட்டுப்புடவைக் கலராகக்கூட இருக்கலாம். இந்தக் கடைசிச் சாத்தியத்தை அடிக்கடி எடுத்து வைத்துக்கொள்வேன், எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் புடவைக் கலருக்காக யாரும் அப்படி ஒரு பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

விஷயம் என்னவென்றால், அவருக்கு வந்த அந்தக் கருப்புச் சீட்டு, கிளாவர் ஏழு, அவர் எடுத்த சீட்டு இல்லை. மத்தியானமே நான் எடுத்து வைத்தது. என் சட்டைப் பையில் இருந்த கவருக்குள் ‘கிளாவர் ஏழு’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். அவர் கட்டை எந்த இடத்தில் வெட்டியிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். எங்கள் ஆட்கள் இதை ஃபோர்ஸ் என்பார்கள். ஏன் கிளாவர் ஏழு? ஒரு சீட்டைச் சொல்லுங்கள் என்றால் ஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் குயின் என்றுதான் ஜனங்கள் ஆரம்பிப்பார்கள். அந்த மாதிரிச் சீட்டு கவரிலிருந்து வந்தால் ‘எல்லாரும் நெனக்கிறதுதானே’ என்று ஒரு சின்னச் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். கிளாவர் ஏழை யாரும் ஆசைப்பட்டு நினைக்க மாட்டார்கள். அதனாலேயே அதை நம்புவார்கள். நிறத்தை நான் யோசிக்கவே இல்லை. டைமண்ட் நாலை எழுதி வைத்திருந்தாலும் எனக்கு வேலை ஒன்றுதான். அந்த வீட்டில் மட்டும் அன்றைக்கு வேறு பேச்சு நடந்திருக்கும்.

எப்படிச் செய்கிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது. ஆனால் இந்த அளவாவது சொல்லாவிட்டால் என்னைக் குடைவது எது என்று விளங்காது. சீட்டை வெட்டுவதற்கும் திருப்பிப் பார்ப்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அந்த நேரத்தில் பார்க்கிறவருடைய நினைப்பு சீட்டில் இருக்கக் கூடாது. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற பையன்கள் எல்லாம் கை வேகம்தான் வித்தை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். கை வேகமாக அசைந்தாலே ‘இப்ப ஏதோ பண்ணிட்டான்’ என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். அர்ஜென்டினாவில் ரெனே லவாண்ட் என்று ஒரு மேதை இருந்தார். சிறுவனாக இருந்தபோதே விபத்தில் வலது கையை இழந்தவர். இடது கை ஒன்றை வைத்துக்கொண்டு, செய்ததையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் இன்னும் மெதுவாகச் செய்து காட்டுவார். ‘இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது’ என்பதுதான் அவருடைய பிரபலமான வரி. 2015இல் இறந்துபோனார். அவர் வீடியோவைப் பார்க்கிற எவனும் கொஞ்ச நாளைக்குத் தன் கை வேகத்தைப் பற்றிப் பேச மாட்டான்.

அந்த நடு நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் நான் நிறையத் தடுமாறியிருக்கிறேன். ஜோக் சொன்னால், சிரித்துக்கொண்டே சீட்டைப் பார்ப்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால், பதில் சொல்லிக்கொண்டே சீட்டைப் பார்ப்பார்கள். ஒரு நாள் வாய் தவறி வந்ததுதான் ‘மனசுல ஒண்ணு நெனச்சுக்கங்க’. அடேயப்பா! சொன்ன அடுத்த விநாடி கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. சிலர் மூடியே விடுவார்கள். டேபிளில் சீட்டுக்கட்டு இருப்பதே மறந்துபோகும். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டு வந்தாலும் கவனிக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் நினைத்ததை வைத்து நான் எதுவுமே செய்வதில்லை. என்ன நினைத்தீர்கள் என்று கேட்பதும் இல்லை. வித்தைக்கு அது தேவைப்படவே இல்லை, நேரம் ஓடினால் போதும்.

அந்த அம்மா நிஜமாகவே ஒன்றை நினைத்துக்கொண்டார்.

நினைத்ததற்குச் சீட்டு பதில் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு வந்தால் சரி, கருப்பு வந்தால் வேண்டாம் என்று கணக்கு வைத்துக்கொண்டது அவர். நான் கூப்பிட்டது வேடிக்கை பார்க்க. ‘இந்தத் தொழிலில் மட்டும்தான் ஏமாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறோம்’ என்று எங்களுக்குள் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. திருவிழாக்களில் மூணு சீட்டு போடுகிறவன் ராணி எங்கே என்று கேட்டுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். நாங்கள் அப்படியா? கல்யாண வீட்டில் பேசிய தொகையை வாங்கிக்கொள்கிறோம், விருந்தாளிகளிடம் பத்து பைசா வாங்குவதில்லை. இந்த வாதத்தைப் பல இடங்களில் பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் இதைச் சொல்லிக்கொண்டே போகும்போது இன்னொன்றும் தோன்றிவிடுகிறது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற ஊர் இது. மனதில் ஒன்றை நினைக்கச் சொல்லி, அதற்கப்புறம் மூடியிருக்கிற ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னால், எங்கள் ஊர்க்காரர் வேறு எதைச் செய்வார்? சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் ஒரே மாதிரி இலையில் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். கட்டுகிற கை ஒன்று, எடுக்கிற கை வேறு. எடுக்கிற கைக்கு என்ன கேள்வி என்றே தெரியாது. இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்த பெரியவர்கள் என்னைப் போன்ற ஆட்களை அந்தக் காலத்திலேயே பார்த்திருக்க வேண்டும். என் டேபிளில் கட்டினதும் நான்தான், எடுத்ததும் நான்தான். கேள்வி மட்டும் அவருடையது.

சும்மா விட்டுவிட்டு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். “அம்மா, இன்னொரு தடவை பண்ணலாமா? இந்தத் தடவை நீங்களே கலைங்க, நான் தொடவே மாட்டேன்” என்று கட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். தொழிலில் முதல் பாடமே, ஒரே ஆளிடம் ஒரே வித்தையை இரண்டாம் முறை காட்டாதே என்பது. டை வெர்னன் என்ற சீட்டு வித்தைக்காரர் மட்டும் 1922இல் சிகாகோவில் அதை மீறினார். எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பிரபல மந்திரவாதி ஹூடினி சவால் விட்டுக்கொண்டிருந்த காலம். வெர்னன் ஒரே சீட்டு வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினார், ஹூடினிக்குப் பிடிபடவில்லை. வெர்னன் மீறினது ஜெயிக்க. நான் மீறப் பார்த்தது தோற்க. அவர் கலைத்திருந்தால் எந்தச் சீட்டு வரும் என்று எனக்கும் தெரிந்திருக்காது, கவரும் வீண்தான்.

அந்த அம்மா கட்டைத் தொடவில்லை. “ரெண்டு தடவை கேக்கக் கூடாது தம்பி” என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் கலைத்திருந்தால் மட்டும் என்ன பெரிய நியாயம் கிடைத்திருக்கும் என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 68 இலக்கத்தில் ஒரு எண் வரும். வெர்னனோடு ஊர் ஊராகச் சுற்றுவதற்காக 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய பெர்சி டயகோனிஸ் என்ற பையன் பின்னாளில் பெரிய கணித மேதையானார். அவரும் டேவ் பேயரும் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் சரசரவென்று விட்டு ஒன்றுக்குள் ஒன்றாகக் கலைக்கும் முறையில், சுமார் ஏழு முறை கலைத்தால் கட்டு நன்றாகக் கலைந்துவிடும் என்று காட்டினார்கள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து ரம்மி ஆடுகிற நம் மாமாக்கள் கையில் வைத்துக் கொத்துக்கொத்தாக மாற்றிப்போடுகிற முறைக்கு ஏழு எல்லாம் எந்த மூலைக்கு? போன ஆட்டத்தில் சேர்த்த சீக்வென்ஸ் அப்படியே ஒட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் வரும். அது போகட்டும். கட்டு எவ்வளவு நன்றாகக் கலைந்தாலும், மேலே வருகிற சீட்டுக்கு அந்த அம்மா வீட்டு விவகாரம் தெரியுமா? எனக்கும் தெரியாது, சீட்டுக்கும் தெரியாது. அப்படியென்றால் என் கிளாவர் ஏழுக்கும் தானாக வந்திருக்கக்கூடிய ஏதோ ஒரு சீட்டுக்கும் அவர் வரைக்கும் வித்தியாசம் இல்லை என்று வாதம் செய்யலாம். செய்தும் பார்த்தேன். பகலில் இந்த வாதம் நன்றாகத்தான் நிற்கிறது.

எனக்கு ஆரம்பத்தில் கற்றுக்கொடுத்த சேலத்து அண்ணனிடம் சொன்னபோது, “கிளி ஜோசியக்காரன் மேல யாராவது கேஸ் போட்டிருக்காங்களாடா?” என்று சிரித்தார். கேஸ் போடலாம் அண்ணே, கிளியைக் கூண்டில் வைத்ததற்கு 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமே இருக்கிறது என்றேன். “அதான் சொல்றேன், கிளிக்குத்தான் சட்டம். சீட்டு பாத்தவனுக்கு இல்ல” என்றார். அவர் சமாதானம் சொல்கிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று கடைசி வரை பிடிபடவில்லை.

பிறகு அவர் கேட்டதுதான் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. “சரி, உண்மையச் சொல்லியிருந்தா அந்தம்மா நம்பியிருக்குமா?”

நம்பியிருக்க மாட்டார் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. ‘நான் எடுக்க வெச்சதுதான் சார்’ என்று சிலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். “சான்ஸே இல்ல, நான்தானே வெட்டினேன்” என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த வித்தையை மற்றவர்களிடம் விவரிக்கும்போது ‘அவன் சீட்டைத் தொடவே இல்லை’ என்பார்கள். டேபிளில் நான் எத்தனையோ முறை தொட்டிருப்பேன். தானே தேர்ந்தெடுத்தோம் என்கிற நினைப்பு நாள் ஆக ஆகக் கூடுமே தவிரக் குறையாது. இந்த வித்தையின் ருசியே அதுதான். பார்த்தவர் வீட்டுக்குக் கொண்டு போகிற வித்தை, நான் காட்டியதைவிட எப்போதும் பெரியதாக இருக்கும். இதற்காகத்தான் ராத்திரி ராத்திரியாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகினேன். அப்படியிருக்க, ஒரே ஒரு அம்மா விஷயத்தில் மட்டும் அது வேலை செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும், நம்பியிருக்க மாட்டார் என்பது வேறு, நான் சொல்லவில்லை என்பது வேறு. “நானாத்தானே எடுத்தேன்” என்று கேட்டவருக்கு “வெட்டினீங்க” என்று பதில் சொன்னேன். வெட்டியது அவர்தான், அதில் பொய் இல்லை. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று வரும்படி அந்தப் பதிலைச் செதுக்கி வைத்ததும் தொழில்திறமையில் ஒரு பகுதிதான். வேடிக்கைக்காகக் கேட்கிறவரிடம் அதைச் சொல்லும்போது ஒரு குறும்பு இருக்கும். நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவரிடமும் அதே வாக்கியம், அதே சிரிப்போடு வெளியே வருகிறது. ஆள் மாறியது நாக்குக்குத் தெரிவதில்லை.

வரியை மாற்றிப் பார்த்தேன். வெட்டச் சொல்லிவிட்டு, “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்க ஆரம்பித்தேன். யாருக்கும் கெடுதல் இல்லாத கேள்வி. கொஞ்ச நாள் ஓடவும் செய்தது. சிக்கல் என்னவென்றால் இட்லி என்று சொல்ல ஒருவர் உள்ளே போய்த் தேட வேண்டியதில்லை, கண் சீட்டிலேயே இருக்கிறது. போன மாதம் ஒரு ரிசப்ஷனில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன், “பூரி” என்று சொல்லிக்கொண்டே, “அங்கிள், இது மேல இருந்த பாதிதானே?” என்று விரல் நீட்டிக் கேட்டுவிட்டான். டேபிளே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த டேபிளில் வயதான தம்பதி இருந்தார்கள். அந்த மாமி அழகாக, நடுக்கட்டில் வெட்டி வைத்தார். “மனசுல ஒண்ணு நெனச்சுக்கங்க மாமி” என்றேன்.