சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) குறிப்புகள், ஜூன் 2025

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே ஞாயிறு. சபையில் எல்லோரும் சிவப்பில் வந்திருப்பார்கள். நான் போகவில்லை. ஆஸ்பத்திரியில் என் கணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சுலு தாத்தா மெதுவாகப் பாடிக்கொண்டே இருந்தார். மெட்டு நம்முடைய ஞானப்பாட்டு மெட்டு மாதிரியே இருந்தது. இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் பேசியது "வீட்டுக் கேட்டைப் பூட்டினியா?" என்பது மட்டும்தான்.

ஜூன் 9

மூத்த மகளிடமிருந்து மறுபடி மெசேஜ். அவளுக்கும் அவளோடு வாழ்கிற பெண்ணுக்கும் கல்யாணம்: ஜூலை 18, கேப் டவுன், ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) ஆபீசில். மண்டேலா பிறந்த நாள். வேறு நாளே கிடைக்கவில்லையா இவர்களுக்கு.

ஜூன் 10

பாஸ்டர் வந்தார். வார்டில் ஜெபித்துவிட்டு, என்னை மட்டும் வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

அவரைக் கெட்டவர் என்று எழுதினால் என் கை கூசும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் முழங்கால் சேற்றில் நின்று எங்கள் தெருக்காரர்களின் மெத்தைகளைத் தூக்கிப் போட்டவர். இன்றும் சத்தம் போடவில்லை. "சிஸ்டர், லேவியராகமத்தை விடுங்க, சோதோமையும் விடுங்க. நான் அதையெல்லாம் வைத்துப் பேசவில்லை. ஆதியில் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார், இருவரும் ஒரே மாம்சம் ஆவார்கள் என்று மத்தேயு 19இல் இயேசுவே எடுத்துச் சொல்கிறார். அங்கிருந்து வெளிப்படுத்தலில் வரும் ஆட்டுக்குட்டியானவரின் கலியாணம் வரைக்கும் ஒரே கோடு. இதற்கு ஆதரவாக ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் காட்டுங்க" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த அதிகாரத்தில் கேள்வி விவாகரத்தைப் பற்றியது என்று லிஃப்டில் இறங்கும்போதுதான் தோன்றியது. விவாகரத்து ஆனவர்கள் எங்கள் கொயரில் இருக்கிறார்கள். ஆனால் அதுவும் முழுப் பதில் ஆகாது.

போகிற போக்கில் சொன்னார்: கல்யாணத்துக்குப் போனால் ஞாயிறு பள்ளியைக் கொஞ்ச நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று நானும் கேட்கவில்லை.

ஜூன் 11

தூக்கம் இல்லை. ரோமர் முதலாம் அதிகாரம்.

பெண்ணோடு பெண்ணும் ஆணோடு ஆணும் சேர்வதைக் கண்டிக்கிற 26, 27ஆம் வசனங்களை மட்டும் படித்தால் கதவைச் சாத்திய மாதிரிதான் இருக்கிறது. அதை யாரும் மழுப்ப முடியாது. ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை. பொறாமை, புறங்கூறுதல், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை என்று பட்டியல் நீளுகிறது. புறங்கூறுகிறவர்களை வெளியே அனுப்பினால் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும். பட்டியல் முடிந்த கையோடு இரண்டாம் அதிகாரம்: "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிற மனுஷனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." கேட்பவன் தலையாட்டிக்கொண்டே வந்து மாட்டிக்கொள்கிற இடம் அது. பவுல் அங்கே கூட்டிக்கொண்டு போகத்தான் முன்னால் அத்தனையும் சொன்னார் என்று எனக்குப் படுகிறது. அதனால் முன்னால் சொன்னது பாவம் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அதுதான் தூங்க விடவில்லை.

இறாலைச் சாப்பிடுகிறீர்களே, கலப்புத் துணி உடுத்துகிறீர்களே என்று லேவியராகமத்தை வைத்துக் கேலி செய்கிற வாதம் எனக்குப் பிடிக்காது. பிறனை உன்னைப்போல நேசி என்பதும் அந்தப் புத்தகத்தில்தான், 19ஆம் அதிகாரத்தில், இருக்கிறது. ஆனால் ஒன்று. ஆணோடு ஆண் சேர்ந்தால் 20:13 மரண தண்டனை சொல்கிறது. எங்கள் சபையில் யாரும் அதைக் கேட்கவில்லை. அப்படியானால் பாதி வசனத்தை எல்லோருமே சத்தமில்லாமல் விட்டுவிட்டோம்.

ஜூன் 12

சர்க்கரை 14 (இந்தியக் கணக்கில் சுமார் 250). டாக்டர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போனார்.

ஜூன் 13

பாளையங்கோட்டையிலிருந்து அக்கா. அவளுக்கு யார் சொன்னார்களோ.

"ஏட்டி, உபவாசம் இருந்து ஜெபி, மாறிரும்."

"அவளுக்கு முப்பத்தஞ்சு வயசுக்கா."

"அதுக்கு? இங்க சுப்ரீம் கோர்ட்டே இந்தக் கல்யாணம் செல்லாதுன்னுட்டான்."

"இங்க 2006லயே சட்டம் வந்தாச்சு."

"சட்டம் சொன்னா கர்த்தர் சொன்ன மாதிரியா? அந்த ஊருக்கு உன்னைக் கட்டிக் கொடுத்தது அப்பா செஞ்ச தப்பு."

கடைசியில் சேலை என்ன நிறம் எடுக்கிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள். என் அக்கா இப்படித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு பள்ளி எடுத்தேன். தந்தையர் தினம். பிள்ளைகளை அட்டை செய்ய வைத்துவிட்டு, எத்தியோப்பிய மந்திரியின் கதையைச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாதது.

உபாகமம் 23 அவனைப் போன்ற அண்ணகனை (ஆண்மை நீக்கப்பட்டவனை) சபைக்குள் சேர்க்காதே என்கிறது. ஏசாயா 56 அதே மனிதனுக்குக் குமாரர் குமாரத்திகளுக்கு உரியதைவிட நல்ல பெயரைத் தருவேன் என்கிறது. அவன் ரதத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது ஏசாயா 53. இன்னும் மூன்று அதிகாரம் தள்ளினால் அவன் கதையே இருக்கிறது. "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" அவனுக்கு வழியில் விளக்கம் சொன்ன பிலிப்பு உபாகமத்தை எடுத்துக் காட்டவில்லை. தண்ணீரில் இறங்கினார்.

அண்ணகன் வேறு, என் மகள் வேறு. தெரியும். வேதத்துக்குள்ளேயே ஒரு கதவு சாத்தி, பிறகு திறக்கிறது என்பது வரைக்கும்தான் நான் சொல்வேன்.

ஜூன் 16

யூத் டே. விடுமுறை, டாக்சி குறைவு, ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிவிட்டது.

மாமனார் ஞாபகம் வந்தது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில், டர்பன் கேட்டோ மேனர் வீட்டை விட்டு இங்கே விரட்டப்பட்டவர். வெள்ளைக்காரர்களின் டச்சு ரிஃபார்ம்ட் சபை பாபேல் கோபுரத்தைக் காட்டி இனங்களைப் பிரித்தது தேவசித்தம் என்று போதித்த காலம். 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலக ரிஃபார்ம்ட் சபைகள் அந்தப் போதனை வேதப்புரட்டு என்று தீர்மானம் போட்டபோது, மாமனார் அந்தப் பேப்பரை வெட்டி பைபிளுக்குள் வைத்துக்கொண்டாராம். அவர் மகனிடம் இன்று அதைச் சொன்னேன். இனத்தைப் பற்றி வசனத்தைத் தவறாக வாசித்தவர்கள் இதிலும் தவறாக வாசித்திருக்கலாமே என்றேன்.

"அது வேற, இது வேற" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதி சரிதான். அவர்கள் தவறியது என்னைச் சரியாக்காது. ஆனால் வேதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஒரு சபை முழுவதும் தவற முடியும் என்பதை எங்கள் வீடு மறக்கக் கூடாது.

ஜூன் 18

எதிர்வீட்டு ஆண்டி சாளை கொண்டுவந்தார். தெற்குக் கரையில் மீன் ஏறிவிட்டதாம். மீனோடு கேள்வியும் வந்தது: "மூத்தது எப்போ வருது? இன்னும் மாப்பிள்ளை பார்க்கலையா?" மீனைக் கழுவ வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டு 2013இல் சொன்னார், ஓரினச்சேர்க்கையாளரை வெறுக்கிற சொர்க்கத்துக்குப் போக மாட்டேன் என்று. நாடே கைதட்டியது. அப்புறம் அவருடைய மகள் ம்போ ஒரு பெண்ணைத் திருமணம் செய்தபோது, குருவாகப் பணிசெய்யும் உரிமத்தை ஆங்கிலிக்கன் சபையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இந்த நாட்டில் சட்டம் ஒரு பக்கம் நிற்கிறது, சபை இன்னொரு பக்கம் நிற்கிறது, நடுவில் ஒரு அப்பா. எங்கள் வீட்டு அப்பா நோபல் பரிசு வாங்கியவர் இல்லை. ரிட்டயர்டு பஸ் டிரைவர்.

ஜூன் 20

அப்போஸ்தலர் 10, 11, 15. ராத்திரி முழுவதும்.

விருத்தசேதனம் ஆதியாகமம் 17இல் நித்திய உடன்படிக்கை. அதைவிட உறுதியாக ஒரு கட்டளையைக் கொடுக்க முடியாது. பாஸ்டர் கேட்ட அந்த ஒரு வசனத்தைப் பேதுருவிடம் கேட்டிருந்தால் அவராலும் உடனே காட்டியிருக்க முடியாது. விருத்தசேதனம் இல்லாத ரோம அதிகாரி கொர்நேலியு வீட்டில் ஆவியானவர் இறங்கியதைத்தான் கண்ணால் பார்த்தார். எருசலேமில் போய் நின்று, "தேவனைத் தடுக்கிறதற்கு நான் எம்மாத்திரம்" என்றார். பதினைந்தாம் அதிகாரத்தில், அந்தக் கட்டளை புறஜாதியாருக்கு வேண்டாம் என்று தீர்க்கும்போது, யாக்கோபு ஆமோஸ் தீர்க்கதரிசியின் வசனத்தை எடுக்கிறார், ஆனால் பேதுரு பார்த்ததைச் சொல்லி முடித்த பிறகுதான்.

இதைப் பாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். உடனே பதில்: "அதே 15:29ஐ முழுசாகப் படியுங்கள் சிஸ்டர். வேசித்தனத்துக்கு விலகியிருக்கச் சொல்கிறது."

சொல்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். நான்கு. கிறிஸ்துமஸுக்கு ஆடு அடித்தபோது எங்கள் வீட்டு ரத்தப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் பாஸ்டர். அதை டைப் செய்தேன், அழித்துவிட்டேன். ஜெயிப்பதற்காகப் பேசுகிற பேச்சு அது. தவிர, மற்ற மூன்றும் மெல்ல நழுவியும் நான்காவது நின்றதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மனிதனுடைய உடம்பை இன்னொருவர் தின்பண்டம் மாதிரி பயன்படுத்தக் கூடாது. அதை நானும் விட மாட்டேன்.

அப்படியானால் என் கேள்வி சுருங்கிவிட்டது: அந்த இரண்டு பேரின் வீட்டில் இருப்பது வேசித்தனமா? கோவிட் நேரத்தில் இவளுக்கு மூச்சு முட்டியபோது ராத்திரி முழுக்க நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. நான் இங்கே ஊரடங்கில், போனில். அந்தப் பிள்ளை ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறது, இவளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறது. நான் வளர்த்தபோதுகூட இவள் அப்படிப் போனதில்லை. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று கலாத்தியர் 5 சொல்கிற கனியைப் பேதுரு மாதிரி நேரில் போய்ப் பார்க்காமல், வராந்தாவில் நின்று எப்படித் தீர்ப்புச் சொல்வது?

ஜூன் 21

இன்று அவராகவே பேசினார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி மூத்தவள் வரட்டும்."

"தனியா வர மாட்டா."

ரொம்ப நேரம் சும்மா இருந்தார். "ரெண்டு பேரும் வரட்டும். ஆனா கல்யாணப் பேச்சை என்கிட்ட எடுக்க வேண்டாம். எனக்கு அது பாவம்தான். நான் சாகும்போதும் அப்படித்தான் சொல்லுவேன்."

சரி என்றேன். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில் எனக்கு ஒப்பாததற்கெல்லாம் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜூலை 18க்கு எனக்கு மட்டும் டிக்கெட் போடு என்று சின்னவனிடம் சொல்லிவிட்டேன். இவருக்கு இன்னும் தெரியாது.

ஜூன் 23

ஆபரேஷன் தள்ளிப் போய்விட்டது. ஐசியூவில் கட்டில் இல்லையாம், வியாழன் அல்லது அடுத்த வாரம். அவர்கள் நாளைக்கே வருகிறார்கள். ஞாயிறு பள்ளிச் சாவியைக் கேட்டு சபை ஆபீசிலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து திறப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.