மிரரைக் கழற்றினால் என்ன மாறுகிறது: டி500, இசட்50-2, நடுவில் ஒரே 200-500

நிகானின் மிரர்லெஸ் கேமரா (உள்ளே மிரர் இல்லாதது) இசட்50-2 கைக்கு வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான்: மிரர் உள்ள உன் பழைய டிஎஸ்எல்ஆர், அந்த டி500-ஐ என்ன விலைக்குக் கொடுக்கப்போகிறாய்? கொடுக்கப்போவதில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க பறவைப் படத்துக்காக இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், நடுவே வேடந்தாங்கல் என்று அலைந்தாகிவிட்டது. மீசை ஆலா பறந்துகொண்டே திரும்பும்போது கண்ணில் ஃபோகஸ் நின்ற படங்கள் இப்போதுதான் கணிசமாகச் சேர்ந்திருக்கின்றன. அந்த மிதப்பில் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு பாடிகளையும் (லென்ஸ் நீங்கலான கேமரா) ஒப்பிட ஆசைப்பட்டதற்குக் காரணம் படம் விழும் சென்சார். ஒன்று 2016-இல் வந்தது, இன்னொன்று 2024-இல். ஆனால் இரண்டிலும் டிஎக்ஸ் என்னும் ஒரே சென்சார் அளவு, இரண்டிலும் 20.9 மெகாபிக்சல். லென்ஸும் என்னிடம் இருக்கும் அதே 200-500 மி.மீ. எஃப்/5.6 ஜூம். பழைய லென்ஸைப் புது பாடியில் பொருத்தும் எஃப்டிஇசட்-2 அடாப்டரைப் போட்டு மாட்டிக்கொண்டால் போதும். அந்த அடாப்டருக்குள் எட்டிப் பார்த்தால் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது. டி500-இன் எஃப் மவுண்ட்டில் (லென்ஸ் பூட்டும் வளையம்) லென்ஸுக்கும் சென்சாருக்கும் 46.5 மி.மீ. இடைவெளி, புதியதன் இசட் மவுண்ட்டில் 16 மி.மீ. மிரர் நின்றிருந்த அந்த 30.5 மி.மீ. வெற்றிடத்தைத்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், ஓரத்தில் சில மின் தொடுமுனைகளோடு. ஆக, லென்ஸ் புதிது, பிக்சல் கூடிவிட்டது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. மாறியது மிரரும், ஃபோகஸ் பிடிக்கும் விதமும், புராசஸரும்தான்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு வித்தியாசம் எதுவும் இல்லை. நீலத்தாழைக்கோழி கோரைப்புல் நடுவே நிற்கும் படங்களை இரண்டு பாடியிலும் எடுத்து, ஒரே ஃபோல்டரில் கலந்து, கூடவே சுற்றும் நண்பரிடம் காட்டினேன். 100 சதவிகிதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எது எதில் எடுத்தது என்று ஊகித்தார், பாதிக்குமேல் தப்பு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டி500-இல் அந்த லென்ஸ் ஒழுங்காக ஃபைன் ட்யூன் ஆகியிருக்க வேண்டும், அதாவது ஃபோகஸ் பிசகை ஓர் எண் போட்டுத் திருத்தியிருக்க வேண்டும். என் தலைமுடி நரைத்தது அங்கேதான்.

டிஎஸ்எல்ஆரில் படம் விழுவது ஓரிடம், ஃபோகஸ் பார்ப்பது வேறிடம். பெரிய மிரரின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை உள்ளே விடும். பின்னாலிருக்கும் குட்டி மிரர் அதைக் கீழே திருப்பும். மிரர் பெட்டியின் அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சார் கணக்குப் போட்டு லென்ஸை நகர்த்தச் சொல்லும். இந்தப் பாதையின் நீளமும் லென்ஸிலிருந்து பட சென்சாருக்குப் போகும் பாதையின் நீளமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பாடியும் லென்ஸும் தனித்தனியே பார்த்தால் அளவு பிசகாமல்தான் இருக்கும். சேரும்போது இரண்டின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கமும் ஒரே பக்கம் விழுந்துவிட்டால் அலகு நுனி கூர்மையாக வரும், கண் மங்கிவிடும். யார் குற்றமும் இல்லை, அமைப்பே அப்படி. 500 மி.மீ., எஃப்/5.6, பத்து மீட்டர் தூரம் என்றால் புத்தகக் கணக்குப்படி கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 9 செ.மீ. பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு அதில் பாதிகூடத் தேறாது.

டி500-இல் இதற்குத் தானியங்கி வசதி உண்டு. லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) நடுப் புள்ளியில் ஃபோகஸ் செய்து, ஏஎஃப் மோட் பட்டனையும் வீடியோ பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் -20 முதல் +20 வரைக்குள் ஓர் எண்ணை அதுவே கண்டுபிடித்துக் கொடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே இலக்கு, அதே டிரைபாட், அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினால் +3, +11, +6 என்று வரும். முதலில் வந்த எண்ணை 'சேவ்' செய்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் நிறையப் பேர்.

நான் பிடித்த வழி இது. தூரம் 25 மீட்டர், அதாவது ஃபோகல் நீளத்தைப்போல் ஐம்பது மடங்கு. வீட்டுக்குள் இது நடக்காது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிவரை சரியாக வருகிறது. தொட்டிச் சுவரில் மாதக் காலண்டர் தாளை ஒட்டினேன், அந்தப் பெரிய கறுப்பு எண்களின் விளிம்பைப்போல் ஃபோகஸுக்கு ஏற்ற இலக்கு வேறில்லை. செய்தித்தாளைத் தவிர்க்கவும், பொடி எழுத்து இந்தத் தூரத்தில் சாம்பலாகிவிடும். விஆர், அதாவது லென்ஸின் அதிர்வுத் தடுப்பு, அணைத்தாக வேண்டும். எல்இடி விளக்கு வேண்டாம், காலை வெயில் போதும், ஏனென்றால் ஒளியின் நிறம் மாறினாலும் ஃபோகஸ் சென்சார் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் ஃபோகஸைக் கையால் கலைத்துவிட வேண்டும், ஒருமுறை முடிவிலிப் பக்கம், மறுமுறை கிட்டப் பக்கம். வரும் எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வேன். சராசரி எடுக்காதீர்கள், கிறுக்குத்தனமாக வரும் ஒரே ஒரு எண் மொத்தத்தையும் இழுத்துவிடும். பிறகு வியூஃபைண்டர் வழியாகவே அந்த எண்ணிலும், அதற்கு மூன்று மேலும் மூன்று கீழும் படம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

இத்தனை செய்து 500-இல் எனக்கு நின்றது +7. அப்பாடா என்று 200-க்குத் திருப்பினால் அங்கே -2. டி500-இல் ஒரு ஜூமுக்கு ஒரே எண்தான் போட முடியும். 500-ஐ வைத்துக்கொண்டேன். கூழைக்கடா தலைக்கு மேல் வரும்போதுதான் 200-க்கு இழுப்போம், அங்கே ஆழம் அதிகம், பிசகினாலும் தெரியாது.

இசட்50-2-இல் இந்தக் கூத்து மொத்தமும் காலி. படம் விழும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. இரண்டு பாதை இல்லை, அதனால் இரண்டையும் சமன்படுத்தும் வேலையும் இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றே 200-இலும் 500-இலும் கண் கூர்மையாக வந்தது. மிரர்லெஸ் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள், பறவைக்காரனுக்கு இது ஒன்றே போதும் என்பேன்.

அதற்காக எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். டி500-இன் 153 புள்ளிகளில் 99 குறுக்கு வகை, கிடைக்கோடு நெடுக்கோடு இரண்டையும் பிடிக்கும். சென்சார்மேலேயே இருக்கும் ஃபோகஸ் பிக்சல்கள் பெரும்பாலான மிரர்லெஸ்ஸில் ஒரு திசைக் கோட்டைத்தான் நன்றாகப் பார்க்கும். ஏரிக்காரனுக்கு இது தலைவலி. சிற்றலை எல்லாம் கிடைக்கோடு. நாமக்கோழி நீரோடு ஒட்டி நீந்தும்போது லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் பூட்டியதும் மறுபடி நேராக்கினால் சரியாகிறது. பார்ப்பவர்களுக்குக் கழுத்துப் பிடிப்பு என்று தோன்றும், பரவாயில்லை.

பறவை கண்டுபிடிக்கும் மோட் வானத்தில் அபாரம். ஆலா, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா எதுவானாலும் ஃபிரேமுக்குள் வந்ததும் கண்ணில் சின்னக் கட்டம் வந்து உட்கார்ந்துவிடும். டி500-இல் ஆலாவைத் தொடர்வதற்குக் கை பழக எனக்குப் பல வருஷம் ஆனது. இசட்டில் முதல் முறையாகத் தொட்ட என் தங்கை மகன் அரை மணி நேரத்தில் எடுத்துக் காட்டினான், வயிற்றெரிச்சல்தான். ஆனால் பறவை கோரைக்குள் இறங்கிவிட்டால் கட்டம் புல் நுனிகளுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு அலையும். அங்கே ஒற்றைப் புள்ளிக்கு மாறிவிடுவதுதான் வழி, அந்த இடத்தில் டி500 இன்னும் நிதானம்.

அப்புறம் ப்ரீ-ரிலீஸ் கேப்சர். பட்டனை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பே நடந்ததைச் சேமித்துத் தரும். வெண்தொண்டை மீன்கொத்தி கம்பியிலிருந்து பாயும் கணம் இதுவரை என்னிடம் வெறும் கம்பியாகத்தான் இருந்தது, இப்போது மீன்கொத்தியும் இருக்கிறது. ஜேபெக் மட்டும்தான் கிடைக்கும், ரா (பதப்படுத்தாத மூலக் கோப்பு) கிடையாது. மின்னணு ஷட்டர் என்பதால் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது, ஒரு படத்தில் இறக்கை அப்பளம்போல வளைந்திருந்தது. இதைச் சரிசெய்ய மிக வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் வேண்டும். அப்படி ஒரு சென்சார் இருந்த தைரியத்தில்தான் 2021-இல் வந்த இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். அந்த விலைக்கு என் வீட்டில் அனுமதி கிடையாது.

எடை விஷயத்தையும் பார்த்துவிடுவோம். டி500 பேட்டரியோடு 860 கிராம். இசட்50-2 550 கிராம், அடாப்டர் 125. முன்னால் தொங்கும் லென்ஸ் 2.3 கிலோ. ஆக மொத்தம் மிச்சம் 185 கிராம்! மிரர்லெஸ் என்றால் தோள்வலி போய்விடும் என்று யாராவது சொன்னால் எந்த லென்ஸோடு என்று கேளுங்கள். பேட்டரி இன்னும் மோசம். டி500-ஐ ஒரு பேட்டரியோடு எடுத்துக்கொண்டு போய் நாள் முழுக்கச் சுற்றலாம், வியூஃபைண்டரில் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குச் செலவே இல்லை. இசட்டில் பார்ப்பதற்கும் மின்சாரம் வேண்டும். கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்கினேன், எல்லிஸ் ரோட்டில் மலிவாகக் கிடைத்த வேற்றுக் கம்பெனி பேட்டரிகளைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

சரி, டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டதா? தயாரிப்பவர்களைப் பொறுத்தவரை கதை முடிந்த மாதிரிதான். கேனானும் நிகானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் பாடி கொண்டுவரவில்லை. அதே 2020-இல்தான் ஜப்பானிய நிறுவனங்களின் ஏற்றுமதிக் கணக்கில் மிரர்லெஸ் முந்தியது. சோனி 2021-இல் தன் ஏ மவுண்ட் பாடிகளை நிறுத்திக்கொண்டது. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக 2023-இல்கூட கறுப்பு வெள்ளைக்கென்றே ஒரு டிஎஸ்எல்ஆர் விட்டது, அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். நம் ஊரில் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் வீடியோவுக்காக மாறியதும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் பாடிகள் குவிந்துகிடக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: அந்தக் குவியலில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசை லென்ஸில் போடுங்கள். ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை முறை ஷட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். டி500-இன் ஷட்டர் இரண்டு லட்சத்துக்குச் சோதிக்கப்பட்டது, ஒரே சீசனில் அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டு பாடியாலும் ஜெயிக்க முடியாத ஒன்று கானல். சதுப்புநிலத்தில் ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் நீர்மேல் காற்று நெளியத் தொடங்கும். அறுபது மீட்டர் தள்ளி நிற்கும் பவளக்கால் உள்ளானை எந்தக் கேமராவில் எடுத்தாலும் வாட்டர்கலர்தான். கண் கட்டம் பச்சையாக எரியும், படம் குழம்பியிருக்கும். இதற்கு வாங்க முடிகிற உபகரணம் அலாரம் கடிகாரம் மட்டுமே. ஆறு மணிக்குப் போய்க் கரையோரம் குந்தி உட்கார்ந்தால் டி500-இலும் படம் வரும்.

இடையில் லென்ஸ் காலை மாற்றும் வேலை ஒன்று ஓடுகிறது. 200-500-இன் டிரைபாட் கால் என் டிரைபாட் தலையிலுள்ள ஆர்க்கா வகைக் கிளாம்பில் (பிடிப்பான்) நேராக உட்காராது, தகடு போட்டால் திருகு தளர்ந்து லென்ஸ் மெல்லச் சுழலும். இணையத்தில் விற்கும் மாற்றுக் காலின் விலையைப் பார்த்து, அம்பத்தூரில் ஒரு மில்லிங் பட்டறையில் 38 மி.மீ. அகலம், 45 டிகிரி சாய்வு என்று படம் வரைந்து கொடுத்தேன். அண்ணன் அலுமினியக் கட்டியில் அருமையாகக் கடைந்து கொடுத்தார், "இது எந்த மெஷினுக்கு சார்?" என்று கேட்டபடி. அனோடைஸ் செய்ய வேறோர் இடத்துக்கு அனுப்பியிருக்கிறார், இன்னும் வரவில்லை.

அது வந்ததும் டிசி-14இ-3 டெலிகன்வெர்ட்டர் (ஃபோகல் நீளத்தை 1.4 மடங்காக்கும் துணை லென்ஸ்) போட்டுப் பார்க்க வேண்டும். 500 அப்போது 700 ஆகும், எஃப்/5.6 எஃப்/8 ஆகும். எஃப்/8-இல் டி500 15 புள்ளிகளோடு நின்றுவிடும். இசட்டில் ஃபிரேம் ஓரம்வரை பிடிக்கிறது என்கிறார்கள், பார்க்காமல் நம்புவதாயில்லை. டெலிகன்வெர்ட்டரைத் தருவதாகச் சொன்ன நண்பர் கூடவே டி500-க்கும் ஒரு ஃபைன் ட்யூன் எண் சொல்லச் சொல்கிறார். அதாவது 700-க்கு மறுபடி மொட்டை மாடி, மறுபடி காலண்டர், தூரம் இந்தமுறை 35 மீட்டர். எதிர் மாடி போதாது, அதற்கும் அடுத்த மாடிக்காரரிடம் தொட்டிச் சுவர் கேட்க வேண்டும்.