பால்பல்தானே என்று விட்டோம்

மகளுக்கு 6 வயசில் மேல்வரிசைக் கடவாய்ப் பால்பல் சொத்தையாகி ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாளே பிடுங்கிவிட்டோம். "பால்பல்தானே, முளைச்சிரும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தில் அடுத்த பல் வர 10, 12 வயசாகும், அதுவரை கம்பி வளையம் போட்டு இடத்தைக் காக்கணும் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பின்பல் மெல்ல முன்னால் நகர்ந்துவிட்டது. 12 வயசில் கோரைப்பல் நிற்க இடமில்லாமல் ஈறுக்கு மேலே துருத்திக்கொண்டு வந்தது. மாமியார் மட்டும், "தெத்துப்பல் ராசிதான், விடு பிள்ள" என்றார்.

மார்த்தாண்டத்தில் பல் சீரமைப்பு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே, அச்சு எல்லாம் எடுத்துவிட்டு, மேலே இரண்டு முன்கடவாய்ப் பல்லை எடுக்கணும் என்றார். சொத்தையே இல்லாத பல்! "இடப்பக்கம்தானே இடமில்ல, வலப்பக்கம் எதுக்கு?" என்றேன். ஒருபக்கம் மட்டும் எடுத்தால் பல்வரிசையின் நடுக்கோடு விலகிவிடுமாம். மனசு கேட்காமல் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியிலும் காட்டினோம். அதே பதில்தான். அங்கே செலவு குறைவு, ஆனால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடணும். சாயங்காலம் திறந்திருக்கிற மார்த்தாண்டத்துக்கே போனோம். 35,000 ரூபாய், மாசத் தவணை.

கம்பி போட்ட முதல் வாரம் கன்னமெல்லாம் புண். உரசுகிற இடத்தில் மெழுகு உருட்டி ஒட்டினோம். கஞ்சியும் மசித்த மரச்சீனியும் மீன்குழம்பும்தான் சாப்பாடு. ஏத்தங்காய் சிப்ஸ், பயறு போட்டுச் செய்கிற முந்திரிக்கொத்து ரெண்டும் தடை. ஒருநாள், கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் ஒன்று கழன்றது. "சோறு தின்னப்பதான் டாக்டர்" என்றாள். கம்பியிடுக்கில் சிக்கிக் கிடந்த பயற்றை எடுத்துக் காட்டி, "சோத்துல முந்திரிக்கொத்தா மக்ளே?" என்று கேட்டார் டாக்டர்.

கம்பி கழற்ற 22 மாசம் ஆனது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பல் பழைய இடத்துக்கு ஓடாமலிருக்க, கழற்றி மாட்டுகிற ரிட்டெய்னர் போடணுமே! முதல் ரிட்டெய்னர் ஒரு கல்யாண வீட்டில் இலையோடு சுருண்டு போயிற்று. டிஷ்யூவில் பொதிந்து இலையோரம் வைத்திருந்தாளாம். டப்பாவில் வை என்று நூறு தடவை சொன்னேன். இன்னொன்று செய்ய வேண்டியதாயிற்று.

இப்போது சின்னவனுக்கு 6 வயசு. அவனுக்கும் கடவாய்ப் பால்பல்லில் சொத்தை. "பிடுங்கினா இடம் காக்கக் கம்பி போடுவீங்களா?" என்று நானே முந்திக் கேட்டேன். பிடுங்கவே வேண்டாம் என்று வேர் சிகிச்சை செய்து, மேலே ஸ்டீல் தொப்பி மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து வெள்ளிப்பல் காட்டுகிறான்.