ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எனக்கு என்ன வேலை

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டால இருக்கிற நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்கறாங்க, நீ கிறிஸ்டியன் கூட இல்லையே, எலக்‌ஷன் வந்தா மட்டும் ஏன் கறுப்பின மக்களோட சர்ச்சுக்குப் போய் உக்காந்துக்கறேன்னு. வாக்காளர் பதிவு வேலைக்குத்தான் போறேன். அதை ஏன் சர்ச்சுல வச்சு பண்றாங்கன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

மிசிசிப்பி மாநிலத்துல ரூல்வில்னு ஒரு சின்ன ஊர், அங்க பருத்தித் தோட்டத்துல வேலை பாத்த கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமர். தங்களாலயும் ஓட்டுப் போட முடியும்னே அவங்களுக்கு 1962 ஆகஸ்டுல சர்ச்சுல நடந்த ஒரு கூட்டத்துலதான் தெரிய வந்துச்சு, அப்ப வயசு 44! அந்த மாசம் 31ஆம் தேதி 18 பேரா பஸ்ஸுல இண்டியனோலாங்கிற ஊருக்கு வாக்காளரா பதிய போனா, மாநில அரசியல் சட்டத்துல ஒரு பிரிவைக் குடுத்து விளக்கம் எழுதச் சொல்லி ஃபெயில் ஆக்கி அனுப்பிட்டாங்க. திரும்பி வர்ற வழியில போலீஸ் பஸ்ஸை நிறுத்தி, கலர் ஸ்கூல் பஸ் மாதிரி இருக்குன்னு ஃபைன் போட்டுச்சு. அன்னைக்கே தோட்டத்து முதலாளி அவங்களை வெளிய போகச் சொல்லிட்டார், 18 வருஷம் அங்க உழைச்சவங்க. இதைப் படிச்சப்புறம்தான் எனக்கு இந்த வேலை மேல பிடிப்பே வந்துச்சு.

1964ல மிசிசிப்பில எத்தனையோ சர்ச்சுங்களைக் கொளுத்தினாங்க, ஏன்னா பதிவு வேலை அங்கதான் நடந்துச்சு. 1965ல அலபாமா மாநிலத்துச் செல்மால ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் கிளம்பினதும் பிரவுன் சேப்பல்ங்கிற சர்ச்சுலருந்துதான், அதே வருஷம் ஓட்டுப் போடறதுல இனப் பாகுபாடு காட்டறதைத் தடுக்கற வாக்குரிமைச் சட்டம் வந்துச்சு. 2013ல சுப்ரீம் கோர்ட் அதோட முக்கியமான ஒரு பகுதியைச் செயல்பட விடாம பண்ணிடுச்சு, அதுக்கப்புறம் பாகுபாடு காட்டின வரலாறு இருக்கிற மாநிலங்களும் தேர்தல் விதியை மாத்த முன்கூட்டி மத்திய அரசு அனுமதி வாங்கத் தேவையில்ல.

இப்ப நாங்க பண்றது பாக்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். ஆராதனை முடிஞ்சு ஜனங்க ஹாலுக்கு வர்ற வழியில ஒரு மேஜை, ஃபார்ம், பேனா, ஒரு லேப்டாப். புதுசா பதியறவங்களை விட ஏற்கனவே பதிஞ்சவங்க பேரு லிஸ்ட்ல சரியா இருக்கான்னு பாக்கறதுதான் பெரிய வேலை. சர்ச்சுல எல்லாரும் மதர்னு கூப்பிடற ஒரு வயசான அம்மா, "நான் தவறாம ஓட்டுப் போடறவ, எனக்கு எதுக்கு செக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டே உக்காந்தாங்க. பாத்தா அட்ரஸ் பழைய கவுண்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கு, மக வீட்டுக்குக் குடி வந்தப்ப யாரும் மாத்தல. அங்கயே மாத்திக் குடுத்தோம். இதை ஒரு அந்நியன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தா பிறந்த தேதியைச் சொல்லியிருப்பாங்களா? பாஸ்டர் மேடையில ரெண்டு வார்த்தை சொன்னதுனாலதான் சொன்னாங்க.

எந்தக் கட்சி, எந்த வேட்பாளர்ங்கிற பேச்சே மேஜையில கிடையாது, இதுல நான் ரொம்பக் கறாரா இருப்பேன்.

அப்புறம் சோல்ஸ் டு தி போல்ஸ், அதாவது முன்கூட்டி ஓட்டுப் போடற நாள்ல ஞாயிறு ஆராதனை முடிச்சு வேன்ல கூட்டமா போறது. 2021ல ஜார்ஜியால சட்டம் மாத்தினப்ப முதல்ல ஞாயிறு ஓட்டையே குறைக்கப் பாத்தாங்க, பெரிய எதிர்ப்பு வந்தப்புறம் ரெண்டு ஞாயிறு வரைக்கும் கவுண்ட்டி விரும்பினா வச்சுக்கலாம்னு ஆச்சு. அதனால உங்க கவுண்ட்டில ஞாயிறு உண்டான்னு முன்னாடியே விசாரிங்க. அதே சட்டத்துல வாக்குச்சாவடி கட்டடத்துலருந்து 150 அடிக்குள்ள வரிசையில நிக்கறவங்களுக்குத் தண்ணி பாட்டில் நீட்டறதும் குத்தம், அதனால வேன் ஏறும்போதே குடுத்துடறோம்.

நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு: கிரீன் கார்டு, ஹெச்1பி வேலை விசால இருக்கறவங்க தயவுசெஞ்சு பதிவு ஃபார்ம்ல கையெழுத்து போட்டுடாதீங்க. டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ்ல வாக்காளரா பதியணுமான்னு கேட்டாலும் சிட்டிசன் இல்லன்னு தெளிவா சொல்லிடுங்க, தெரியாம போட்டா கூட நாடு கடத்தற அளவுக்குப் போயிடும். சிட்டிசன்ஷிப் வாங்கினவங்க உடனே பதிஞ்சுடுங்க, ஜார்ஜியால தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடியே கடைசித் தேதி முடிஞ்சுடும்.